‘ஆராய்க’ என்று போட்டால் ஆராய்ந்துவிடுவார்களா?

வாசகர் கேள்வி பதில்: கல்லூரி வணிகப் பாடங்களில் தேர்வும் மதிப்பெண்ணும்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் எடுக்கிறேன். கே-4, கே-5 என்று நிலை குறித்துத்தான் வினாத்தாள் தயாரிக்கிறோம். ஆனால் திருத்த உட்கார்ந்தால் அறுபது பேரும் ஒரே நோட்ஸை ஒப்பித்திருக்கிறார்கள். எங்கே பிழை?
– உதவிப் பேராசிரியை, மார்த்தாண்டம்

பதில்: ‘ஆராய்க’, ‘பகுத்தாய்க’ போன்ற வினைச்சொல்லை நம்பியதில்தான் பிழை. கே-1 முதல் கே-6 வரை நாம் போடும் குறிகளுக்கு மூலம், பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் 1956இல் வெளியிட்ட, சிந்தனைப் படிகளின் வகைப்பாடு. (குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததும் அதே 1956. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஆண்டு மறக்காது.) 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்ற இன்றைய ஆறு படிகள் அப்படி வந்தவை.

ஒரு கேள்வி எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கேள்வியில் உள்ள சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. மாணவர் அதை முன்பே பார்த்திருக்கிறாரா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ‘மார்ஜினல் காஸ்ட்டிங்கின் (மாறும் செலவை மட்டும் பொருளின் மேல் ஏற்றும் கணக்குமுறை) நன்மை தீமைகளைப் பகுத்தாய்க’ என்ற கேள்விக்கு விடை நோட்ஸில் ஏழு வரியாக இருந்தால், நீங்கள் கே-4 என்று போட்டாலும் அது கே-1தான். சோதிக்க ஒரு வழி உண்டு. பாடம் எடுக்காத சக ஆசிரியர் ஒருவரிடம் நோட்ஸையும் வினாத்தாளையும் கொடுங்கள். நோட்ஸைப் புரட்டியே பாதிக்கு மேல் மதிப்பெண் தேற்ற முடிகிறது என்று அவர் சொன்னால், மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாற்று வழி: கோட்பாடு பழையதாக இருக்கட்டும், தரவு புதியதாக இருக்கட்டும். கீழே ஒரு மாதிரி. எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல.

‘ஒரு தோட்டக்காரரிடம் 100 கிலோ ரப்பர் பால் இருக்கிறது. அதில் உலர்ந்த ரப்பர் 33 சதவீதம். பாலாகவே விற்றால் உலர் எடைக்குக் கிலோ ரூ.150. ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் அழுத்தி, புகைக்கூடத்தில் உலர்த்தி ஷீட்டாக விற்றால் கிலோ ரூ.175. ஷீட்டாக்கக் கிலோவுக்கு ரூ.18 செலவு. பால் எடுக்க மரத்தைக் கீறியதற்கு இன்றைய வெட்டுக்கூலி ரூ.900 கொடுத்தாகிவிட்டது. மரங்களுக்குப் போட்ட மழைக்காப்பு பிளாஸ்டிக்குக்குப் போன மாதமே ரூ.6,000 செலவாகிவிட்டது. ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஷீட் தரம் குறைந்து ரூ.165க்குத்தான் போகும்.’

15 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம். ஷீட்டாக்குவதால் கூடுதலாக எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 3 (கிலோவுக்கு ரூ.7, மொத்தம் ரூ.231). தரப்பட்ட செலவுகளில் இந்த முடிவுக்குத் தேவையில்லாதவை எவை, ஏன் என்பதற்கு 4. மூன்றில் ஒரு பங்கு ஷீட்டில் பூஞ்சை பிடித்தால் முடிவு மாறுமா என்பதற்கு 3 (மாறாது, லாபம் ரூ.121 ஆகக் குறையும்). எத்தனை கிலோ வரை கெட்டாலும் ஷீட்டாக்குவது நஷ்டமில்லை என்று கண்டு, தோட்டக்காரருக்கு ஐந்து வரியில் ஆலோசனையும், எந்தச் சூழ்நிலையில் அந்த ஆலோசனையை மாற்றிக்கொள்வீர்கள் என்பதையும் எழுத 5.

கடைசிக் கணக்கின் விடை 23.1 கிலோ. நல்ல ஷீட்டில் கிலோவுக்கு ரூ.7 கூடுதல், கெட்டதில் ரூ.3 குறைவு என்பதால் 70 சதவீதம் கெடும்வரை கை நஷ்டமில்லை. மாணவர்கள் வழுக்குவது இரண்டாம் பகுதியில். வெட்டுக்கூலியையும் பிளாஸ்டிக் செலவையும் ஷீட்டின் தலையில் கட்டுவார்கள். பால் எடுத்தாயிற்று, அந்தப் பணம் எப்படி விற்றாலும் திரும்பி வராது. இதற்குத்தான் ‘சங்க் காஸ்ட்’ என்று பெயர். அந்தச் சொல்லை எழுதியவருக்கு 1, ஏன் அது இங்கே தள்ளுபடி என்று காட்டியவருக்கு மீதி 3 என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் சொல்லுக்கே முழு மதிப்பெண் போய்விடும்.

ஒரு தாளில் இப்படி ஒரு கேள்வி போதும். முழுத்தாளும் இப்படி இருந்தால் மூன்று மணி நேரத்தில் யாரும் முடிக்க மாட்டார்கள்.

கேள்வி: உள்ளூர் உதாரணம் கொடுங்கள் என்கிறார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கடற்கரைக் கிராமம். ரப்பர் பாலை அவர்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. இது அநியாயம் இல்லையா?
– பி.பி.ஏ. ஆசிரியர், குளச்சல்

பதில்: விளக்கம் இல்லாமல் கொடுத்தால் அநியாயம்தான். நம் மாவட்டம் சின்னது. ஆனால் குலசேகரத்துப் பையனுக்கும் தேங்காய்ப்பட்டணத்துப் பையனுக்கும் வீட்டுத் தொழில் வேறு, காலைப்பொழுது வேறு, பேச்சே வேறு. விளவங்கோடு பக்கம் மலையாளத்தில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. தோவாளைக்காரருக்கு ஓணம் வந்தால் பிச்சிப்பூ விலை என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீங்கள் அளக்க நினைப்பது முடிவெடுக்கும் திறன். ‘உலர்ந்த ரப்பர் சதவீதம்’ என்றால் என்ன என்று தெரியாததால் ஒருவர் தோற்றால், அங்கே அளந்தது அவர் ஊரை. ஆகவே கேள்வியின் தலையில் மூன்று வரி விளக்கம் வேண்டும்: பாலில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் பெரும்பகுதிதான் ரப்பர், விலை அந்த உலர் எடைக்குத்தான், உலர்த்துவது தாமதமானால் தரம் இறங்கும். அந்த விளக்கத்தைத் தொழில் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, ‘கணக்கு போட இது போதுமா’ என்று கேட்டுவிடுங்கள்.

செமஸ்டர் முழுவதும் ரப்பரையே பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. மூன்று உள்தேர்வு என்றால் ஒன்றில் ரப்பர், ஒன்றில் மீன் ஏலம், ஒன்றில் பூச்சந்தையோ கன்னியாகுமரி விடுதி அறை வாடகையோ வரட்டும். உள்ளே இருக்கும் எலும்புக்கூடு ஒன்றாக இருக்கலாம். ‘இப்போதே விற்பதா, செலவு செய்து பிறகு விற்பதா’ என்ற கேள்வி பாலுக்கும் மீனுக்கும் பொருந்தும். வேறு வேறு தொழிலில் அதே எலும்புக்கூட்டை அடையாளம் காண்கிறாரா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை.

வீட்டுத் தொழில் தெரிந்தவருக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘எங்க ஊர்ல இப்படித்தான் செய்வாங்க’ என்று எழுதி, தரப்பட்ட எண்ணைத் தொடாமலே போய்விடுவார். விடைக்குறிப்பில் ‘தரவிலிருந்து எண் காட்ட வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகும்.

கேள்வி: நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கேஸ் ஸ்டடி (ஒரு தொழில் நிலைமையை விவரித்து முடிவு கேட்கும் வினா) வந்தால் படித்துப் புரிவதற்குள் நேரம் போய்விடுகிறது. யோசிப்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். என்னைவிடக் குறைவாக யோசிப்பவன் இங்கிலீஷ் நன்றாக இருப்பதால் கூட வாங்குகிறான்.
– மூன்றாம் ஆண்டு மாணவர், குலசேகரம்

பதில்: முதலில் உங்கள் பக்கத்து வேலை. 75 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் மதிப்பெண்ணுக்கு 2.4 நிமிடம். 15 மதிப்பெண் கேஸுக்கு 36 நிமிடம் உங்களுடையது. அதை 8, 6, 18, 4 என்று வெட்டிக்கொள்ளுங்கள்.

முதல் 8 நிமிடம் வாசிப்பு. கேஸை முதலில் படிக்காதீர்கள். கீழே உள்ள கேள்விகளைப் படித்துவிட்டு மேலே போங்கள். அப்போதுதான் எதைத் தேடுகிறோம் என்று தெரியும். படிக்கும்போது மூன்றின் அடியில் மட்டும் கோடு போடுங்கள்: முடிவெடுக்க வேண்டியவர் யார், எண் எங்கே இருக்கிறது, எது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது. அடுத்த 6 நிமிடம் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் தமிழிலேயே குறிப்பு. உங்கள் முடிவு, அதற்கு இரண்டு காரணம், எதிர்ப்பக்கம் சொல்லக்கூடிய ஒரு காரணம், அதற்கு உங்கள் பதில். ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது. பிறகு 18 நிமிடம் எழுத்து. ஒரு வரிக்கு ஒரு கருத்து; நீள வாக்கியத்தில்தான் ஆங்கிலம் இடறும். முடிவை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கடைசி 4 நிமிடத்தில் எண்களைச் சரிபார்த்து, தமிழ்க் குறிப்பை ஒரு கோட்டால் அடித்துவிடுங்கள்.

தமிழில் விடை எழுத அனுமதி உள்ள தாள் என்றால் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். கலைச்சொல்லை மட்டும் பாடநூலில் உள்ளபடியே வையுங்கள்.

இனி ஆசிரியர்களுக்கு. இந்த மாணவரின் புகாரில் நியாயம் இருக்கிறது. கேஸை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் தேர்வறையில் கொடுங்கள். வாசிப்பு வேகம் அப்போது குறுக்கே வராது. ‘விடையைத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார்களே’ என்ற பயம் வேண்டாம்: தேர்வன்று கேஸில் ஒரே ஒரு உண்மையை மாற்றிவிடுங்கள். ‘வங்கி கடன் மறுத்துவிட்டது, இப்போது?’ என்று கேட்டால் தயாரித்த விடை உதவாது, தயாரிப்பு உதவும். மொழிக்கு என்று மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கி அதோடு நிறுத்துங்கள். தனியாக ஒதுக்காதபோதுதான் எல்லாப் பகுதியிலும் ஆங்கிலத்துக்கு மறைமுகமாக மதிப்பெண் போய்ச்சேர்கிறது.

கேள்வியை எளிமையாக்குவதும் மொழியை எளிமையாக்குவதும் ஒன்றல்ல. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காக என்று ‘வரையறு’, ‘பட்டியலிடு’ என இறங்கிவிடுவது கருணைபோலத் தெரியும். நடப்பது என்னவென்றால், யோசித்துக் காட்டும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

கேள்வி: குழு ப்ராஜெக்டில் ஒருவர் செய்கிறார், நால்வர் பெயர் போடுகிறார்கள். போதாக்குறைக்குப் பெண்கள் டைப் அடிக்கிறார்கள், ஆண்கள் மேடையேறிப் பேசுகிறார்கள். வேறு வேறு பின்னணி மாணவர்களைக் கலந்துவிட்டால் சரியாகுமா?
– எம்.பி.ஏ. துறைத் தலைவர், நாகர்கோவில்

பதில்: கலப்பது மட்டும் போதாது. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் செய்த சோதனை இதற்குப் பொருத்தமானது. குழுவில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் பொதுத்தகவலும், கொஞ்சம் அவருக்கு மட்டுமே தெரிந்த தகவலும் கொடுத்தார்கள். குழுக்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. தனித்தகவல் பெரும்பாலும் மேசைக்கு வரவில்லை, அதனால் சரியான முடிவையும் கோட்டைவிட்டார்கள். கடற்கரைப் பெண்ணையும் தோட்டத்துப் பையனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும். தெரிந்ததைச் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயத்தை வேலையின் அமைப்பில் வையுங்கள்.

நால்வர் குழு போதும். ஐந்தாவது ஆள் வந்ததும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. தாங்களே கூட்டுச்சேர விட்டால் ஒரே பேருந்தில் வருபவர்கள் சேர்வார்கள். நீங்கள் பிரிக்கும்போது ஒரு குழுவில் ஒரே ஒரு பெண், ஒரே ஒரு தமிழ் மீடியம் என்று தனித்துவிடாமல் இரண்டிரண்டாக வையுங்கள். தனியாள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. தரவை நான்கு தாளாகப் பிரியுங்கள்: செலவு ஒருவரிடம், வாடிக்கையாளர் பேச்சு ஒருவரிடம், போட்டியாளர் விலை ஒருவரிடம், சட்டமும் உரிமமும் ஒருவரிடம். தாளைக் கைமாற்றக் கூடாது, வாயால் சொல்லலாம். நான்கும் சேராமல் விடை வராதபடி கேள்வி இருக்க வேண்டும். எழுதுபவர், பேசுபவர், கணக்குப் பார்ப்பவர், மறுத்துக் கேட்பவர் என்ற வேலைகள் வாராவாரம் சுழலட்டும். யார் பேசுவது என்பதை மேடையேறும் அன்று சீட்டு போட்டு எடுங்கள். டைப் அடித்தவருக்கும் முழு ப்ராஜெக்டும் தெரிந்தாகவேண்டிய நிலை தானாக வரும்.

மதிப்பெண்: 20 என்றால் குழுவுக்கு 10, தனித்தனி ஆளுக்கு 10. தனி மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கக் குறிப்பும் மூன்று நிமிட வாய்மொழியும். குழு மதிப்பெண்ணைச் சக மாணவர் மதிப்பீட்டால் திருத்தலாம். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் ஐந்துக்கு மதிப்பெண் போடட்டும். அவரவர் பெற்ற சராசரியைக் குழுச் சராசரியால் வகுத்துக் குழு மதிப்பெண்ணோடு பெருக்குங்கள். எடுத்துக்காட்டாகக் குழு மதிப்பெண் 8. நால்வரின் சராசரி 4.2, 4.0, 3.7, 2.1, குழுச் சராசரி 3.5. முதலாமவருக்கு 1.2, கடைசியாளுக்கு 0.6 வரும். இதை அப்படியே விட்டால் பழிவாங்கும் கருவியாகிவிடும் என்பதால் 0.8க்குக் கீழும் 1.1க்கு மேலும் போகாமல் வரம்பு கட்டுங்கள். முதலாமவருக்கு 8.8, கடைசியாளுக்கு 6.4.

எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ‘இவர் செய்த ஒரு வேலை’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வரி கிடைக்காதபோது கை கொஞ்சம் தயங்கும். தாளைத் தனித்தனியாக வாங்குங்கள், யாருக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: ஒரே விடைத்தாளுக்கு நான் 9 போட்டேன், இரண்டாவதாகத் திருத்தியவர் 4 போட்டார். இருவரும் அனுபவசாலிகள்தான்.
– ஓய்வுபெற்ற பேராசிரியர், தக்கலை

பதில்: நீங்கள் கருத்துகளை எண்ணியிருப்பீர்கள், அவர் கருத்துகளுக்கு இடையே உள்ள தொடர்பைப் பார்த்திருப்பார். இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய, பிக்ஸும் காலிஸும் 1982இல் தந்த ‘சோலோ’ என்ற ஐந்து படி அளவுகோல் உதவும். நம்மூர் மட்டி வாழையை வைத்துப் பார்ப்போம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். கேள்வி: ‘மட்டி பயிரிடும் சிறு விவசாயிகள் குறியீட்டு முத்திரையோடு விற்பதற்குச் செலவு செய்யலாமா?’

‘புவிசார் குறியீடு இன்றைய உலகில் மிக முக்கியமானது’ என்பது விடையே அல்ல, அது பூஜ்யப் படி. ‘விலை கூடும்’ என்பது முதல் படி. ‘விலை கூடும், போலி குறையும், ஏற்றுமதி வளரும்’ என்று அடுக்குவது இரண்டாம் படி. பத்துக் கருத்து எழுதினாலும் இதே படிதான். மூன்றாம் படியில் கருத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்: சட்டப்படி பதிவு பெற்ற பயனாளர்தான் முத்திரையைப் பயன்படுத்தலாம், பதிவு, லேபிள், தரம் பிரித்தல் எல்லாம் செலவு, வாங்குபவர் முத்திரையை அறிந்திருந்தால்தான் கூடுதல் விலை வரும், ஆகவே பத்துத் தார் வைத்திருப்பவர் தனியாகப் போனால் செலவு திரும்பாது, குழுவாகப் போனால் திரும்பலாம். நான்காம் படியில் வாதம் வேறு இடத்துக்கும் நகரும்: ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் குறியீடு உண்டு, ஆனால் எண்ணெயாக ஆட்டிய பிறகு எந்த ஊர்த் தேங்காய் என்று யாருக்குத் தெரியும், அங்கே இந்த வாதம் நிற்குமா?

10 மதிப்பெண்ணை 0, 2, 5, 8, 10 என்று இந்தப் படிகளுக்குக் கொடுங்கள். திருத்தத் தொடங்கும் முன் ஐந்து விடைத்தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசி, விடைக்குறிப்பைத் திருத்திவிட்டுத்தான் கட்டைப் பிரிக்க வேண்டும். தாள் தாளாக அல்ல, கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். முதல் விடை அழகான கையெழுத்தில் இருந்தால் அந்த மயக்கம் கடைசி விடைவரை கூடவே வரும்.

கேள்வி: என் மகளுக்குப் பார்வைக் குறைபாடு. அக்கவுண்ட்ஸ் தேர்வில் உதவியாளர் வைத்து எழுதினால் கணக்கு குழம்புகிறது.
– தாய், கருங்கல்

பதில்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கூடுதல் நேரத்துக்கும் எழுத்து உதவியாளருக்கும் இடமளிக்கிறது. மத்திய அரசு வழிகாட்டுதலின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. 3 மணித் தேர்வுக்கு 1 மணி. கால்குலேட்டர் அனுமதிக்கப்படும் தேர்வு என்றால் பேசும் கால்குலேட்டரும் கேட்கலாம். தேர்வன்று போய் நிற்காமல், கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் முன்கூட்டியே கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பம் பெரும்பாலும் கட்டம் போடுவதில்தான். உதவியாளரோடு குறைந்தது இரண்டு பழைய வினாத்தாளை முழுநேரம் எழுதிப் பழகட்டும். சொல்லும் வரிசையை மாற்றவே கூடாது: முதலில் கணக்கின் பெயர், பிறகு பற்றா வரவா, விவரம், கடைசியில் தொகை. ஒவ்வொரு பத்து வரிக்கும் ஒருமுறை எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்ல வேண்டும். கூடுதல் நேரம் இருப்பது இதற்குத்தான்.

கேள்வி: அசைன்மென்ட் எல்லாம் சாட்ஜிபிடி எழுதித் தருகிறதே?
– பி.காம். ஆசிரியை, திருவட்டாறு

பதில்: ‘சந்தைப்படுத்தலின் முக்கியத்துவம்’ என்று தலைப்பு கொடுத்தால் எழுதித் தரத்தான் செய்யும். தலைப்பை மாற்றுங்கள். வடசேரிச் சந்தையில் மூன்று கடையில் ஒரே பொருளின் விலையை இரண்டு நாள் குறித்து வந்து, வித்தியாசம் ஏன் என்று எழுதச் சொல்லலாம். அல்லது இயந்திரம் எழுதிய விடையையே கையில் கொடுத்து, அதில் உள்ள மூன்று ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம் கேள்வி. அறுபது பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் வாரத்துக்கு இருபது பேராக வையுங்கள்.

கேள்வி: ஒரு மதிப்பெண் கேள்வியில் சிந்தனையை எங்கே சோதிப்பது? அது குருட்டு அதிர்ஷ்டம்தானே?
– பி.காம். மாணவி, தோவாளை

பதில்: தவறான விடைகளைச் சும்மா இட்டு நிரப்பினால் அதிர்ஷ்டம்தான். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையிலிருந்து பிறந்ததாக இருந்தால் கதை வேறு. இதோ ஒன்று:

‘200 கிலோ மீன். இன்றே ஏலம் போட்டால் கிலோ ரூ.120. ஐஸில் வைத்து நாளை விற்றால் ரூ.140 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு. ஐஸ் செலவு இன்றைய எடைக்குக் கிலோ ரூ.8. நாளைக்குள் எடை 5 சதவீதம் குறையும். காத்திருப்பதால் எவ்வளவு கூடுதல்? அ) ரூ.4,000 ஆ) ரூ.2,600 இ) ரூ.2,400 ஈ) ரூ.1,000.’

நாளை 190 கிலோதான் மிஞ்சும். அதற்கு ரூ.26,600, ஐஸுக்கு ரூ.1,600 போக ரூ.25,000. இன்று விற்றால் ரூ.24,000. விடை ‘ஈ’. ‘அ’ போட்டவர் விலையை மட்டும் பார்த்தார். ‘ஆ’ போட்டவர் ஐஸை மறந்தார். ‘இ’ போட்டவர் ஐஸைக் கழித்தார், எடை குறைந்ததை விட்டுவிட்டார். வகுப்பில் பாதிப்பேர் ‘இ’ போட்டிருந்தால், எந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு அன்றே தெரிந்துவிடும்.